ஊரில் இருக்கும் கம்ப்யூட்டரை வெளியூரிலிருந்து இயக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிக் கடையில், புதுவயல் அரிசி ஆலையில், பள்ளத்தூர் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கும். அதைப் பார்க்க வேண்டியவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். செட்டிநாட்டில் இது பல குடும்பங்களின் ஏற்பாடு என்பதால் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கீழே உள்ள பதில்கள் விண்டோஸ் 10, 11 கம்ப்யூட்டர்களுக்கானவை.

மென்பொருளைப் போடுவது பத்து நிமிட வேலை. கரண்ட் போய் வந்த பிறகு அந்தக் கம்ப்யூட்டர் ஆள் இல்லாமலே எழுந்து நிற்குமா, யாரெல்லாம் அதற்குள் வர முடியும் என்பவைதான் பெரிய வேலை. பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு வரும்போதே இரண்டையும் முடித்துவிட்டுக் கிளம்புங்கள். விமானம் ஏறிய பிறகு பயாஸ் திரையை, அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் அடிப்படை அமைப்புத் திரையை, தொட வழியே கிடையாது.

எந்த மென்பொருளைப் போடுவது?

கம்ப்யூட்டர் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பாரா, மாட்டாரா என்று முதலில் பாருங்கள். உட்கார்ந்திருப்பார் என்றால் எதையும் வாங்கவே வேண்டாம், விண்டோஸுடன் வரும் குயிக் அசிஸ்ட் போதும். ஆள் இல்லாத கம்ப்யூட்டர் என்றால் குரோம் ரிமோட் டெஸ்க்டாப், எனிடெஸ்க், டீம்வியூவர், ரஸ்ட்டெஸ்க் ஆகியவற்றில் ஒன்று, அல்லது விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப்.

வீட்டுக்கு குரோம் ரிமோட் டெஸ்க்டாப்தான் எங்கள் முதல் பரிந்துரை. இலவசம், விண்டோஸ் ஹோம் பதிப்பிலும் ஓடும், கம்ப்யூட்டர் மறுபடி கிளம்பியதும் பாஸ்வேர்டு கேட்கும் திரையிலேயே இணைப்பு கிடைக்கும். ஒரு கூகுள் கணக்கும், குறைந்தது 6 இலக்க பின் நம்பரும் வேண்டும்.

கடைக்கும் ஆலைக்கும் கணக்கு வேறு. எனிடெஸ்க், டீம்வியூவர் இரண்டும் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம். வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதாக அவற்றின் சர்வருக்குத் தோன்றினால் சில நிமிடங்களில் இணைப்பை அறுத்துவிடும், மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நேரத்தில்கூட. வியாபாரத்துக்கு உரிமம் வாங்குங்கள், அல்லது ரஸ்ட்டெஸ்க்குக்கு மாறுங்கள். ரஸ்ட்டெஸ்க் திறந்த மூலநிரல், அதாவது அதன் நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். இடையில் இருக்கும் சர்வரையும் நீங்களே நடத்திக்கொள்ளலாம்.

விண்டோஸிலேயே ரிமோட் டெஸ்க்டாப் இருக்கிறதே, அது போதாதா?

ப்ரோ பதிப்பாக இருந்தால் போதும். ஹோம் பதிப்பிலிருந்து வெளியே இணையலாமே தவிர, அதற்குள் யாரும் இணைய முடியாது. கடைகளில் வாங்கும் லேப்டாப்புகளில் பெரும்பாலும் ஹோம்தான் இருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் எந்தப் பதிப்பு என்று தெரியும்.

ப்ரோவிலும் தடுக்கி விழும் இடங்கள் உண்டு. திறக்கும்போது போடும் பின் நம்பர் இங்கே செல்லாது, கணக்கின் முழு பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கை விண்டோஸ் வெளியிலிருந்து அனுமதிக்காது. நீங்கள் உள்ளே வந்ததும் கடையில் இருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஒருவர்தான். கணக்குப்பிள்ளை பில் போட்டுக்கொண்டிருக்கும்போது நுழைந்தால் அவர் வேலை அந்தரத்தில் நின்றுவிடும், போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நுழையுங்கள். இருவரும் ஒரே திரையைப் பார்க்க வேண்டுமென்றால் எனிடெஸ்க் வகைதான் சரி.

அப்பச்சிக்கு 75 வயது. போனில் சொல்லி குயிக் அசிஸ்ட்டைத் திறக்க வைப்பது எப்படி?

முதலில் உங்கள் பக்கம் தயாராகுங்கள். குயிக் அசிஸ்ட்டைத் திறந்து, உதவி செய்பவர் என்பதைத் தேர்ந்தெடுத்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் 6 எழுத்துக் குறியீடு ஒன்று வரும். அதன் ஆயுள் 10 நிமிடம். அப்பச்சிக்குக் கணக்கு எதுவும் தேவையில்லை. பிறகு போனில் இப்படிச் சொல்லலாம்:

"அப்பச்சி, கீபோர்டுல இடது பக்கம் கீழ் மூலையில கன்ட்ரோல்னு ஒரு பட்டன் இருக்கும். அதுக்குப் பக்கத்துல நாலு கட்டம் போட்ட பட்டன். ரெண்டையும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே கியூவை ஒரு தட்டு தட்டுங்க. பெட்டி ஒண்ணு வருதா? அதுல நான் சொல்ற ஆறையும் அடிங்க, ஒவ்வொண்ணா சொல்றேன்."

எழுத்தை மட்டும் சொல்லாமல், "காரைக்குடிக்குப் போடுற கே" என்பதுபோல ஊர்ப் பெயரோடு சொன்னால் பிழை வராது. அதன்பின் அவர் இரண்டு முறை அனுமதி கொடுக்க வேண்டும். முதலாவது உங்களுக்குத் திரையைக் காட்ட, இரண்டாவது நீங்கள் இயக்குவதற்கான கோரிக்கை அனுப்பியதும் அதற்கு. இரண்டாவதை மறந்துவிட்டு "மவுஸ் நகரவே இல்லை" என்று தவிப்பவர்கள் நிறைய.

ஏதாவது நிறுவும்போது திடீரென்று உங்கள் திரை மட்டும் கறுப்பாகும். பழுது ஒன்றுமில்லை. நிர்வாகி அனுமதி கேட்கும் அந்தப் பெட்டியை வெளியாள் பார்க்கக் கூடாது என்று விண்டோஸ் மறைக்கிறது. அப்பச்சி அங்கே "யெஸ்" அழுத்தினால் திரை திரும்பிவிடும்.

ஆள் இல்லாத கம்ப்யூட்டரில் எனிடெஸ்க் வைத்தேன். முதல் நாள் வேலை செய்தது, மறுநாள் இல்லை. ஏன்?

பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, இறக்கிய ஃபைலை அப்படியே ஓடவிட்டிருப்பீர்கள், இன்ஸ்டால் செய்திருக்க மாட்டீர்கள். அப்படி ஓடுவது கம்ப்யூட்டர் அணைந்ததோடு போய்விடும். முறையாக இன்ஸ்டால் செய்து, செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய், ஆள் இல்லாத அணுகலுக்கு நீளமான தனி பாஸ்வேர்டு வையுங்கள். அதே பகுதியில் எந்த முகவரிகளிலிருந்து மட்டும் உள்ளே வரலாம் என்று பட்டியல் போடும் வசதி இருக்கிறது. உங்கள் லேப்டாப், தம்பியின் லேப்டாப் இரண்டை மட்டும் சேர்த்தால் மற்றவர் யார் தட்டினாலும் கதவு திறக்காது. இரட்டைச் சரிபார்ப்பையும் இயக்கிவிடுங்கள்.

இரண்டாவது, கம்ப்யூட்டர் தூங்கிப்போயிருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்று போய், கரண்டில் இருக்கும்போது தூங்கும் நேரத்தை "நெவர்" ஆக்குங்கள். திரை அணையலாம், அதனால் பாதகமில்லை. லேப்டாப் என்றால் மூடியை மூடினாலும் ஒன்றும் செய்யாதே என்றும் அமைக்க வேண்டும்.

எனிடெஸ்க் பழைய பதிப்பாக இருந்தால் உடனே மாற்றுங்கள். தன் சர்வர்களில் ஊடுருவல் நடந்ததாக அந்த நிறுவனமே 2024 பிப்ரவரியில் அறிவித்து, பழைய கையொப்பச் சான்றிதழை ரத்து செய்தது.

கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர் தானாக ஆன் ஆகுமா?

நீங்கள் சொல்லி வைத்தால்தான் ஆகும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தி மாலையில் விடும் மின்தடையை எந்தச் சின்ன யூபிஎஸ்ஸும் தாங்காது. அதனால் அணைந்து, தானே எழும்படி அமைப்பதுதான் வழி.

பட்டனை அழுத்தியதும் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திறக்கும். அதில் "ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்" அல்லது "ஏசி பேக்" போன்ற பெயரில் ஓர் அமைப்பு இருக்கும். அதை "பவர் ஆன்" என்று வையுங்கள். "லாஸ்ட் ஸ்டேட்" வைக்காதீர்கள். கரண்ட் போகும் முன் யாராவது அணைத்திருந்தால் அது அணைந்தபடியே கிடக்கும். பயாஸில் கைவைக்கும் முன் இன்னொன்று முக்கியம்: டிஸ்க் பூட்டு (பிட்லாக்கர்) இயங்கும் கம்ப்யூட்டரானால் அடுத்த முறை 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து அதை எழுதி எடுத்துக்கொண்ட பிறகு தொடங்குங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் எழாமல் போகும் சந்தர்ப்பங்கள் உண்டு. யூபிஎஸ் மென்பொருள் கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைத்துவிடும். பேட்டரி தீரும் முன்பே கரண்ட் வந்துவிடும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை கரண்ட் போகவே இல்லை, அதனால் எழ வேண்டிய காரணமும் இல்லை. பேட்டரி கடைசிவரை தீரும்படி விடுங்கள், அல்லது அணைத்த பிறகு தன் வெளியீட்டையும் துண்டிக்கும் யூபிஎஸ்ஸாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி, சிஆர்2032. அது தீர்ந்திருந்தால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் தேதி மறந்து, "எஃப்1 அழுத்துங்கள்" என்று கறுப்புத் திரையில் நின்றுவிடும். வெளியூரிலிருந்து எஃப்1 அழுத்த முடியாது. நாலைந்து வருடப் பழைய கம்ப்யூட்டரானால் கேட்டுக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள். ரொம்ப மலிவான பொருள்.

அமைத்து முடித்ததும் சோதிக்காமல் கிளம்பாதீர்கள். கம்ப்யூட்டரை முறையாக ஷட்டவுன் செய்யுங்கள், சுவர் சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள், எதையும் தொடாமல் உங்கள் போனின் மொபைல் டேட்டாவிலிருந்து இணைந்து பாருங்கள். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே சோதிப்பது சோதனையே அல்ல.

ஷட்டவுன் ஆன கம்ப்யூட்டரை நெட் வழியாகவே எழுப்பலாமா?

வேக் ஆன் லேன் என்ற வசதி இருக்கிறது. ஆனால் எழுப்பும் செய்தியை அதே வீட்டு நெட்வொர்க்குக்குள் இருக்கும் இன்னொரு கருவி அனுப்ப வேண்டும், கம்ப்யூட்டர் கேபிளில் இணைந்திருக்க வேண்டும், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தியிருக்க வேண்டும். இத்தனை நிபந்தனை வேண்டாம் என்றால், மேலே சொன்ன பயாஸ் அமைப்போடு 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் ஒன்று போதும். பிளக்கை அணைத்துப் போட்டால் கம்ப்யூட்டர் எழும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படி அணைப்பது டிஸ்க்குக்கு ஆகாது. திரை முழுக்க உறைந்து வேறு வழியில்லை என்றால் மட்டும் செய்யுங்கள்.

ரூட்டர் வீட்டு முகப்பில், கம்ப்யூட்டர் முற்றம் தாண்டிய இரண்டாம் கட்டுப் பகுதியில். அடிக்கடி இணைப்பு அறுகிறதே?

பழைய வளவு வீட்டுச் சுவரின் தடிமனுக்கு வைஃபை எடுபடாது. முகப்பிலிருந்து முற்றம் தாண்டி இரண்டு சுவர் கடந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய செத்துவிடும், 2.4 கொஞ்சம் தாங்கும். ஊர்க் கம்ப்யூட்டரில் நெட் ஓரளவு வந்தாலும், அங்கிருந்து வெளியே போகும் அலை பலவீனமாக இருந்தால் உங்களுக்கு எல்லாம் விட்டுவிட்டுத்தான் வரும்.

கேட்6 கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். தேக்குத் தூணிலும் நிலையிலும் ஆணி அடிக்க வேண்டியதில்லை, பத்தியின் உத்தர ஓரமாக இருக்கும் பழைய மின்கம்பிப் பாதையை ஒட்டிக் கொண்டுபோகலாம், மின்கம்பியோடு ஒரே குழாய்க்குள் மட்டும் நுழைக்காதீர்கள். திறந்த முற்றத்துக்கு மேலே செம்புக் கேபிளைத் தொங்கவிடுவதும் வேண்டாம். இடி மின்னல் நேரத்தில் அது ரூட்டரையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். சுற்றுப் பத்தி வழியாகவே வாருங்கள். அல்லது ரூட்டருக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டரை வைத்துவிடுங்கள். ஆளே உட்காராத கம்ப்யூட்டர் உள்கட்டில் இருந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ரூட்டருக்கும் தனியாக ஒரு சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் வாங்குங்கள். அடாப்டர் மேல் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியரைப் பார்த்து வாங்க வேண்டும். ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டு வெளியீடு உள்ளதாக.

ரூட்டரில் போர்ட் திறந்துவிட்டால் நேராக இணையலாம் என்கிறார்களே?

செய்யாதீர்கள். போர்ட் என்பது வெளியிலிருந்து உள்ளே வரும் எண்ணிட்ட வாசல், விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட் 3389. அது திறந்திருக்கும் கம்ப்யூட்டர்களைத் தேடி, பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் ரோபோக்கள் உலகம் முழுக்க இரவு பகலாக ஓடுகின்றன. உள்ளே வந்துவிட்டால் கணக்கு ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். போர்ட் எண்ணை மாற்றுவது காப்பாற்றாது. விண்டோஸ் 7 இன்னும் ஓடும் கடைகள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 2019 மே மாதம் வெளியான ப்ளூகீப் என்ற ஓட்டை வழியாக, அதற்கான திருத்தம் போடாத கம்ப்யூட்டருக்குள் பாஸ்வேர்டே இல்லாமல் நுழைய முடியும்.

திறந்தாலும் பலருக்கு வேலை செய்யாது. பல பிராட்பேண்ட் இணைப்புகளில் ஒரே பொது இணைய முகவரியை (ஐபி) பல வீடுகளுக்குப் பங்கு போட்டுத்தான் கொடுக்கிறார்கள். ரூட்டரில் தெரியும் முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நீங்களும் அப்படித்தான்.

நேராக இணைய வேண்டுமென்றால் டெயில்ஸ்கேல் போன்ற தனிப்பாதை மென்பொருளை இரண்டு கம்ப்யூட்டரிலும் நிறுவி, ஒரே கணக்கில் நுழையுங்கள். ஊரில் இருப்பதற்கு 100 என்று தொடங்கும் முகவரி ஒன்று கிடைக்கும். அதை ரிமோட் டெஸ்க்டாப்பில் கொடுத்தால் போதும், ரூட்டரில் எதுவும் திறக்க வேண்டாம். ஒரு விஷயம்: டெயில்ஸ்கேல் 180 நாளைக்கு ஒருமுறை மறுபடி நுழையச் சொல்லும். ஊர்க் கம்ப்யூட்டருக்கு மட்டும் அந்தக் காலாவதியை நிர்வாகப் பக்கத்தில் நிறுத்திவிடுங்கள். மறந்தால் ஆறாம் மாதம் சத்தமில்லாமல் அறுந்துபோகும்.

100 எம்பி நெட் போட்டிருக்கிறோம். அப்படியும் மவுஸ் இழுக்கிறதே?

வேகத்தைவிட இங்கே தாமதம்தான் முக்கியம். கணக்கு எழுதும் வேலைக்கு ஊரிலிருந்து வெளியே போகும் வேகம் 1 அல்லது 2 எம்பி இருந்தாலே போதும். போய் வரும் நேரம் 100 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் உறுத்தாது, 200-ஐத் தாண்டினால் மவுஸ் பின்னால் வரும். ஊரில் அதே நேரம் சிசிடிவி படத்தை வெளியே ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், பல இடங்களில் அதுதான் காரணம். திரையின் அளவை 1366 × 768-க்குக் குறைத்து, பின்னணிப் படத்தை எடுத்து, தரத்தைவிட வேகம் முக்கியம் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

ஜிஎஸ்டிக்குக் கையொப்ப டோக்கன் (டிஜிட்டல் கையொப்பம் உள்ள யூஎஸ்பி கருவி) ஊர்க் கம்ப்யூட்டரில் செருகியிருக்கிறது. ரிமோட்டில் "டோக்கன் இல்லை" என்கிறதே?

விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பில் வந்தால் அப்படித்தான் சொல்லும். அந்த இணைப்பில், டோக்கன் எங்கே என்ற கேள்வியை விண்டோஸ் உங்கள் கையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிடுகிறது, ஊரில் செருகியதைப் பார்ப்பதே இல்லை. எனிடெஸ்க், குரோம் வகை ஊர்த் திரையையே பகிர்வதால் அவற்றில் டோக்கன் தெரியும். டோக்கன் உங்கள் கையில் இருந்தால் இதற்கு நேர்மாறு: ரிமோட் டெஸ்க்டாப்பின் லோக்கல் ரிசோர்சஸ் பகுதியில் ஸ்மார்ட் கார்டைத் தேர்ந்தெடுத்து இணையுங்கள், டோக்கனின் மென்பொருள் ஊர்க் கம்ப்யூட்டரிலும் இருக்க வேண்டும்.

டோக்கனை வருடம் முழுக்கச் செருகி வைப்பது சரியல்ல. தனிச்சாவியை, அதாவது டோக்கனுக்குள் இருக்கும் ரகசியக் கையொப்பச் சாவியை, தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 42-ஆவது பிரிவு சொல்கிறது. தாக்கல் செய்யும் நேரத்துக்குச் செருகச் சொல்லி, முடிந்ததும் எடுத்துப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.

பில்லை ஆலையில் அச்சிட்டால் எனக்கு இங்கே வருகிறது. ஏன்?

ரிமோட் டெஸ்க்டாப் உங்கள் பிரிண்டரையும் அங்கே கொண்டுபோய் வைக்கும். பெயரில் "ரீடைரக்டட்" என்று இருப்பது உங்களுடையது, இல்லாதது ஆலையின் டாட் மேட்ரிக்ஸ். லோக்கல் ரிசோர்சஸில் பிரிண்டர் தேர்வை எடுத்துவிட்டால் குழப்பமே வராது.

தமிழில் தட்டச்சு செய்தால் எழுத்து கன்னாபின்னாவென்று வருகிறது?

இரண்டு பக்கமும் தமிழ் விசைப்பலகை இயங்கினால் ஒரு முறை மாறிய எழுத்து மறுபடி மாறும். உங்கள் பக்கம் ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, ஊர்க் கம்ப்யூட்டரில் மட்டும் தமிழ்99-ஐ இயக்குங்கள். நீளமான கடிதமென்றால் உங்கள் பக்கமே யூனிகோடில் எழுதி, நகலெடுத்து ஒட்டிவிடலாம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் இடங்களில் பாமினி, வானவில் எழுத்துருக்கள் இருக்கும். அவற்றை நகலெடுத்தால் உங்கள் பக்கம் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அதே எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

மானிட்டரைக் கழற்றிய பிறகு திரை கறுப்பாகவோ மிகச் சிறியதாகவோ வருகிறது?

மானிட்டர் இல்லையென்றால் சில கிராபிக்ஸ் கார்டுகள் படமே தயாரிப்பதில்லை. எச்டிஎம்ஐ டம்மி பிளக் என்று கேட்டு வாங்கிச் செருகுங்கள். மானிட்டர் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும்.

போனையும் இப்படி இயக்கலாமா?

ஆண்ட்ராய்டில் முடியும், அக்சஸிபிலிட்டி அனுமதி கொடுத்தால். ஐபோனில் திரையைப் பார்க்கலாம், வெளியாள் தொட்டு இயக்க முடியாது.

"பேங்கிலிருந்து பேசுறோம், இந்த ஆப்பைப் போடுங்க" என்று ஆச்சிக்கு போன் வந்தது. என்ன செய்வது?

போனை வைத்துவிடச் சொல்லுங்கள். எந்த பேங்கும், மின்வாரியமும், போலீஸும் திரையைப் பார்க்கும் ஆப்பைப் போடச் சொல்லாது. எனிடெஸ்க்கைப் போட வைத்து யூபிஐ பணத்தை எடுக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே பேங்குகளை எச்சரித்தது. ஆப் தப்பானதல்ல. அதன் 9 அல்லது 10 இலக்க எண்ணைக் கேட்பவன்தான் தப்பானவன். அந்த எண்ணைச் சொல்லி, திரையில் வரும் அனுமதியையும் அழுத்திவிட்டால் ஓடிபி வருவதை அவன் ஆச்சியோடு சேர்ந்தே படிப்பான்.

அனுமதி கொடுத்தாயிற்று என்றால் உடனே நெட்டைத் துண்டியுங்கள்: ரூட்டரின் சுவிட்சை அணைக்கலாம், போனானால் ஏரோபிளேன் மோட். வேறு போனிலிருந்து பேங்குக்குச் சொல்லிக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், பிறகு 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த வாய்ப்பு. பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். ஆச்சியைத் திட்டாதீர்கள். திட்டு விழுமென்று பயந்தால் அடுத்த முறை இரண்டு நாள் கழித்துத்தான் சொல்வார்.

வீட்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொள்வது நல்லது: மகனோ மகளோ வீடியோ காலில் முகம் காட்டாமல் யாருக்கும் எந்த எண்ணையும் சொல்வதில்லை.

கடை ஊழியர் வேலையை விட்டுப் போனார். அவர் இன்னும் உள்ளே வர முடியுமா?

பாஸ்வேர்டு தெரிந்தால் முடியும். அன்றே மூன்று இடத்தில் மாற்றுங்கள். ரிமோட் மென்பொருளின் பாஸ்வேர்டு, விண்டோஸ் கணக்கின் பாஸ்வேர்டு, அந்த மென்பொருள் எந்தக் கூகுள் அல்லது மற்ற கணக்கில் பதிந்திருக்கிறதோ அதன் பாஸ்வேர்டு. எனிடெஸ்க்கில் ஒருமுறை நுழைந்தவர் "அடுத்த முறை தானாக நுழை" என்று டிக் செய்திருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றும் அதே பகுதியில், அப்படிக் கொடுத்த அனுமதிகளை அழிக்கும் பட்டனும் இருக்கிறது, அதையும் அழுத்துங்கள். பிறகு இன்ஸ்டால் ஆன மென்பொருள் பட்டியலைத் திறந்து, நீங்கள் போடாத இரண்டாவது ரிமோட் மென்பொருள் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள்.